எப்போது சொன்னாலும் படுக்கலாம்

பூங்காவனத்துக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும்; கால்கள் மறக்காது. ஒன்பது வருடமாக ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. காலை ஆறரை மணிக்கு வெந்நீர் வாளியும் துணியுமாக வார்டுக்குள் நுழைந்தால், எழ முடியாதவர்களுக்கெல்லாம் கட்டில் கட்டிலாகப் போய் உடம்பு துடைத்துவிடுவாள். முகத்தை அவரவரே துடைத்துக்கொள்வார்கள். முதுகு துடைக்கும்போது ஊர்க்கதை பேசுவார்கள். காலுக்கு வந்ததும் எப்பேர்ப்பட்ட வாயாடிக்கும் பேச்சு நின்றுவிடும். அட்டை கடித்த தழும்புள்ள கால், மீன் முள் குத்திப் பழுத்து ஆறிய கால், தார் ஒட்டிக் கறுத்த பாதம் என்று அவளுக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லாம் அப்படித்தான் அவள் மனதில் இருந்தார்கள்.

அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். பதினெட்டு வயதில் அதே தோட்டத்து நடராஜனுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஜப்பான்காரன் காலத்தில், ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போன நடராஜனை அப்படியே லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். சண்டை முடிந்து சிலர் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை. மூன்று வருடம் பார்த்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியுடன் மலாக்கா டவுனுக்கு வந்து சேர்ந்தாள். காஜா பேராங்கில் ஒரு தச்சர் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு ஓர் அறை. பிள்ளை குட்டி கிடையாது. தாலியைக் கழற்றவில்லை, கழற்றலாமா என்று யோசிக்காத நாளும் இல்லை.

ஐம்பத்தேழாம் வருடம் மே மாதம் அந்தக் காய்ச்சல் வந்தது. ஆகஸ்டு முடிவில் சுதந்திரம் என்று ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்த நேரம். முதலில் பிள்ளைகள் இருமினார்கள். பிறகு வீட்டுக்கு வீடு பாய் விரித்துப் படுத்தார்கள். இளவட்டங்கள் ஐந்தாறு நாளில் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறியது. ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. காய்ச்சலால் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் முப்பது கட்டில்களைப் போட்டு, நடுவில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள் என்று வயதானவர்களுக்கென ஒரு வார்டு திறந்தார்கள். அது காஜா பேராங்கிலேயே இருந்ததால் பூங்காவனத்தை அங்கே அனுப்பினார்கள்.

வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர் ருக்மணி. கஞ்சி போட்ட உடுப்பு, கஞ்சி போட்ட குரல். பினாங்கில் படித்துத் தேர்ந்தவர். நோயாளி என்றால் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அசைந்தால் இருதயம் தாங்காது என்பது அவர் படித்த பாடம். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அதுதான் பாடம். போர்வையின் நான்கு முனையையும் மெத்தைக்கு அடியில் செருகி, கடித உறைக்குள் கடிதம் வைத்ததுபோல ஆளை உள்ளே வைத்துவிடுவார். மலம், மூத்திரம், சோறு, தண்ணீர் எல்லாம் கட்டிலிலேயே. தினம் ஒருமுறை டாக்டர் தம்பிராஜா வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்கிற மனிதர்.

பென்சிலின் ஊசி நன்றாகத்தான் வேலை செய்தது. முதலில் குணமானவர் கணேசமூர்த்தி என்ற பெரியவர். உஜோங் பாசிரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். காய்ச்சலோடு தன் காலாலேயே நடந்து வந்து படுத்தவர். பத்தொன்பது நாள் கழித்து, நெஞ்சு சுத்தமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னதும் முழங்கால் மடங்கி, பூங்காவனத்தின் தோளிலேயே சரிந்தார். மகன் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனான். வாசலில் நின்று திரும்பி அவளைப் பார்த்தான்.

"நடந்து வந்தவரு. தூக்கிட்டுப் போறோம். இதுக்குப் பேருதான் சொகமா ஆயா?"

அந்தக் கேள்வி அவள் கூடவே வந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதும் அடுப்பங்கரையில் நின்றது. சொகம் என்றால் என்ன? ஒன்பது வருடத்தில் எத்தனை பேரை இப்படித் தூக்கிக்கொண்டு போகப் பார்த்திருக்கிறாள்? வயசு, வேறென்ன என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள். ஆனால் கால் துடைக்கிற கைக்கு வேறொன்று தெரிந்திருந்தது. வந்த அன்று கைக்குள் அடங்காத கெண்டைக்கால், பத்தாம் நாள் அடங்கிவிடும். வயசு பத்து நாளில் கூடுமா?

மறுநாள் முதல் ஒரு காரியம் செய்தாள். வீணாய்ப் போன பாண்டேஜ் துணியைக் கீற்றாகக் கிழித்து, புதிதாக வருகிறவர்களின் கெண்டைக்காலைச் சுற்றி, துணி வந்து சேரும் இடத்தில் மையால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே கீற்றால் அளந்து இன்னொரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால் ஒவ்வொரு கீற்றையும் அந்தந்தக் கட்டிலின் காலிலேயே கட்டிவைத்தாள். இரண்டு வாரத்தில் சிஸ்டர் ருக்மணியின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"இது என்ன? கோயில் மரத்துல நேர்ந்து கட்டுற மாதிரி?"

அந்த நேரம் பார்த்து டாக்டரும் உள்ளே வந்தார். பேசுவதைவிடக் காட்டுவது லேசு என்று, பூங்காவனம் ஒரு கீற்றை அவிழ்த்து டாக்டரின் கையில் கொடுத்தாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு விரல்கடை இருந்தது.

"இது வந்த அன்னிக்கு, ஐயா. இது நேத்து. நெஞ்சு நல்லாயிருச்சுன்னு நீங்க சொல்றீங்க. காலு தேஞ்சு போச்சு. காலு இல்லாம வீட்டுக்குப் போயி என்ன செய்வாங்க?"

"இதை எப்பவிருந்து அளக்கிறீர்?" என்றார் டாக்டர்.

"ரெண்டு வாரமா."

டாக்டர் கட்டில் கட்டிலாகப் போய்க் கீற்றுகளைப் பார்த்தார். பெரிய சண்டையின்போது கட்டில் பற்றாமல் நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பிவிட்டதையும், அப்படி எழுந்தவர்கள் மோசமாகாமல் தேறினதையும், சீமை டாக்டர்கள் சிலர் இப்போது படுக்கையே ஒரு நோய் என்று எழுதுவதையும் சிஸ்டரிடம் சொன்னார்.

"அவங்க அறுவைக் கேஸ், டாக்டர். சின்ன வயசுக்காரங்க. இது எழுபது வயசு நெஞ்சு" என்றார் சிஸ்டர்.

"ஓம். நீங்கள் சொல்லுறதும் சரி. கவனமாய்ச் செய்து பார்ப்பம்."

அன்றைக்கே முறை வகுத்தார்கள். இரண்டு நாள் காய்ச்சல் இல்லாமலிருந்தால், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். மூச்சு வாங்காவிட்டால் மறுநாள் கட்டிலைப் பிடித்து நிற்க வேண்டும். அதன் பிறகு நடை. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சிஸ்டர் நாடி பார்ப்பார். நூறைத் தாண்டினால் அன்றைக்கு அவ்வளவுதான். பூங்காவனம் பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியை எடுத்து, கட்டில் வரிசை ஓரமாகத் தரையில் ஐந்தடிக்கு ஒரு கோடு இழுத்தாள். ஏழாவது கோடு ஜன்னலடியில் முடிந்தது. கரும்பலகையில் கட்டில் எண்ணைப் போட்டு, யார் எந்தக் கோடு வரை போனார்கள் என்று சிஸ்டரே எழுதினார். பிடிக்காத வேலையானாலும் அவர் கையெழுத்து முத்துமுத்தாகத்தான் இருந்தது.

முதலில் எழுந்தவர் மீனாச்சி. பக்கத்திலிருந்த கம்பத்துக்காரர்; அந்தக் கிராமத்து மலாக்கா செட்டிகள் பல தலைமுறையாக மலாய் மண்ணில் ஊறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு; பேச்சு முழுக்க மலாய். பூங்காவனத்துக்கும் மலாய் வரும். 'மாக்', அதாவது அம்மா, என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். எழுந்து நிற்கலாமா என்று கேட்டதும் மீனாச்சி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"மாலு லா!" என்றார். வெட்கமாம். ஆஸ்பத்திரி அங்கியோடு ஆண்கள் பக்கம் தெரிகிற மாதிரி நடப்பதாவது!

வீட்டுக்குச் சொல்லியனுப்பி அவருடைய சாரோங்கையும் கெபாயாச் சட்டையையும் கொண்டுவரச் செய்தாள் பூங்காவனம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையின் முன்பக்கத்தை மூன்று ஊசிப் பதக்கங்களால் மூட மீனாச்சிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. உதவ வந்த கையைத் தட்டிவிட்டார். மூச்சு வாங்கியது, கொஞ்சம் பொறுத்து மறுபடி குத்தினார். பார்த்துக்கொண்டிருந்த பூங்காவனத்துக்குச் சட்டென்று பிடிபட்டது: இதுவும் வேலைதான். கால் மணி நேரம் சாயாமல் உட்கார்ந்திருக்கிறாரே! அன்று முதல் தலை சீவுவது, சட்டை மாட்டுவது, கஞ்சி குடித்த தன் மங்குக் கிண்ணத்தைத் தானே கழுவுவது எல்லாம் முறையில் சேர்ந்தன. நாலாம் நாள் மீனாச்சி, "பெலான் பெலான்", மெதுவாக மெதுவாக, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சத்து, டுவா, தீகா என்று அடிகளை எண்ணி இரண்டாம் கோட்டுக்குப் போனார். துணித் திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த ஆண்களும் சேர்ந்து எண்ணினார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் தெரிந்த எண்ணிக்கை அது ஒன்றுதான்.

எல்லோரும் மீனாச்சியாக இருக்கவில்லை. பதினொன்றாம் கட்டிலில் மருதமுத்து படுத்திருந்தார். அறுபத்தாறு வயது. முனிசிபல் ரோடு போடும் கூட்டத்தில் கல் சுமந்து, தார் ஊற்றிக் கழிந்த உடம்பு. மனைவி இல்லை, பண்டார் ஹிலிரில் தங்கச்சி வீட்டில் இருந்தார். காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகியும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பூங்காவனம் போய்ப் போர்வையை லேசாகத் தொட்டாள்.

"பெரியப்பா, எந்திரிங்க."

அவர் கை வீசிய வேகத்தில் அவள் பிடித்திருந்த மங்கு பறந்துபோய்ச் சுவரில் மோதியது. கஞ்சி அவள் சேலையெல்லாம் வழிந்தது. அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டுவிட்டார். ஓடிவந்த சிஸ்டர் அது கோபம் என்று நினைத்தார். பூங்காவனம் பக்கத்தில் இருந்தாள். அது கோபம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் அடிக்காகக் காத்திருந்தார்.

மறுநாள் கால் துடைக்கும்போதுதான் அவர் வாய் திறந்தார், சுவரைப் பார்த்தபடியே.

"நேத்து உன்மேல கொட்டிருச்சு. மனசுல வச்சுக்காத."

"பரவால்ல பெரியப்பா."

"சயாம்ல ஒரு கொட்டாய் இருந்துச்சு. காச்ச வந்தவன், பேதி வந்தவனெல்லாம் மூங்கி பரண்ல வரிசையாக் கெடப்போம். விடிஞ்சதும் ஜப்பான்காரன் வருவான். 'எந்திரி'ம்பான். அந்த ஒரு தமிழ் வார்த்தை அவனுக்குத் தெரியும். கழியால காலைத் தட்டுவான். எந்திரிச்சவன் வேலைக்குப் போனான். எந்திரிக்காதவன..." அவர் நிறுத்தினார். "ரெண்டு வருசம் எந்திரிச்சேன். இந்தக் கட்டில்ல வந்து படுத்தப்ப நெனச்சேன், இனி ஒருத்தனும் என்னய எந்திரின்னு சொல்ல முடியாதுன்னு."

பூங்காவனத்தின் கை அவர் கணுக்காலிலேயே நின்றுவிட்டது. அங்கே தோல் சுருங்கி, ஒரு காசு அகலத்துக்குப் பழைய புண்ணின் குழி இருந்தது. நடராஜனுக்கும் இப்படிக் கழியால் தட்டியிருப்பார்களோ? அவன் எழுந்தானா, எழாமல் கிடந்தானா? பன்னிரண்டு வருடமாக அவள் போகாத இடத்துக்கு மனம் அன்றைக்குப் போயிற்று. தன் வீட்டுக்காரரும் போனவர்தான் என்று அவள் அப்போது சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, குழாயடியில் நெடுநேரம் துணியை அலசினாள்.

ஒரே வார்த்தை. அவள் நன்மைக்காகச் சொன்னாள்; அந்த ஜப்பான்காரன் சாகடிப்பதற்காகச் சொன்னான். கேட்கிற காதுக்கு இரண்டும் ஒன்றுதானே? நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் எத்தனை பேரை அவர்கள் சம்மதம் கேட்காமல் புரட்டியிருக்கிறோம், தூக்கியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

இரண்டு நாள் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. கீற்றில் கோடு ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. "டாக்டர் ஆர்டர் இருக்கு. சொல்லித் தூக்கி உட்கார வையேன்" என்றார் சிஸ்டர்.

"மாட்டேன் சிஸ்டர்" என்றாள் பூங்காவனம். அந்த வார்த்தையை அவரிடம் அதுவரை சொன்னதில்லை. பதினொன்றாம் கட்டில் ஆள் எங்கிருந்து வந்தவர் என்பதையும் சொன்னாள். சிஸ்டர் நாடி பார்க்கிற கடிகாரத்தை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் பூங்காவனம் ஒரு நாற்காலியைப் போட்டு மருதமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு கேட்கக்கூடாது என்று தோன்றியது.

"பெரியப்பா, படுத்தே கெடந்தா காலு வத்திப் போயிருது. கண்ணால பாத்துட்டேன். அதான் விசயம். நான் ஒன்னும் சொல்லப் போறதில்ல. என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் தலை சுவரிலிருந்து திரும்பியது.

"நான் ஒக்காந்தேன்னு வையி. படுக்கணும்னு சொன்னா படுக்க விடுவியா?"

"விடுவேன்."

"எப்ப சொன்னாலும்?"

"எப்ப சொன்னாலும் படுக்கலாம்."

அவர் முழங்கையை ஊன்றினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருக்களித்து, காலை இறக்கி, மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதம் தரையைத் தொட்டதுமே, "படுக்கணும்" என்றார். அவள் காலைத் தூக்கிவிட்டுப் படுக்க வைத்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி உட்கார்ந்தார், மறுபடி, "படுக்கணும்." அன்று ஐந்து தடவை அவளைச் சோதித்தார். ஐந்து தடவையும் அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஆறாவது தடவை உட்கார்ந்தவர் படுக்கணும் என்று சொல்லவில்லை. "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் முதல் கோட்டில் நின்றார். அதற்கடுத்த வாரம் நாலாவது கோடு. எந்த இடத்தில் நின்று கை காட்டினாலும் பூங்காவனம் அங்கேயே நாற்காலியைப் போடுவாள். பிறகு எல்லோருக்கும் அதையே செய்தாள். நிறுத்தலாம் என்று தெரிந்தவர்கள் முன்னைவிட அதிகமாக நடந்ததைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

ஜூலை மாதக் கடைசியில் சந்திரமதி இறந்தார். கிளேபாங்கிலிருந்து வந்த தையற்காரரின் மனைவி, எழுபது வயது, சிரித்த முகம். காலையில் பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் கோடு வரை நடந்தார். திரும்பி வந்து படுத்து, பத்து மணிக்குப் பால் குடித்தார். பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவர், டாக்டர் வருவதற்குள் போய்விட்டார்.

நடையெல்லாம் நின்றது. கரும்பலகையைச் சிஸ்டரே துடைத்தார். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஒரு ஆயாவின் பேச்சைக் கேட்டா நிமோனியாக்காரர்களை நடக்க விட்டீர்கள் என்று கேட்டார். பூங்காவனம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள். அப்போது சிஸ்டர் ருக்மணி நாடிக் குறிப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"காலையில நாடி பாத்தது நான். நடக்கும் முன்ன எண்பத்தாறு, வந்து படுத்தப்ப தொண்ணூத்தாறு. நடக்கலாம்னு சொன்னதும் நான்தான். கேக்கிறத என்னைக் கேளுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். பூங்காவனம் டாக்டரைத் தனியாகக் கண்டாள்.

"நடந்ததாலதானா, ஐயா?"

"படுத்திருந்த நாளிலேயே காலில் இரத்தம் கட்டி, அது பிறகு நெஞ்சுக்கு ஏறியிருக்கலாம். அப்படியெண்டால் இன்னும் முந்தி நடக்க விட்டிருக்க வேணும். இல்லை, இருதயம் களைத்துப் போயிருக்கலாம். அப்படியெண்டால் நடக்க விட்டிருக்கக் கூடாது. எது எண்டு எனக்குத் தெரியாது, பூங்காவனம். தெரிஞ்ச மாதிரிச் சொன்னால் பொய்."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. யோசிக்க யோசிக்க, அந்த மனிதர்மேல் அவளுக்கு மரியாதைதான் கூடிற்று.

நாலு நாள் வார்டில் எல்லோரும் மறுபடி உறைக்குள் கடிதமாகக் கிடந்தார்கள். ஐந்தாம் நாள் காலை, யாரும் சொல்லாமல், மருதமுத்து தன் போர்வையை உருவிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மணிக்கட்டைச் சிஸ்டர் பக்கம் நீட்டினார்.

"நாடி பாருங்கம்மா."

"ஆர்டர் இல்ல, பெரியவரே."

"என்னய யாரும் எந்திரின்னு சொல்லல. நானாத்தான் ஒக்காந்திருக்கேன். பாக்கிறதுல என்ன தப்பு?"

சிஸ்டர் அவர் கையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினார். துணித் திரைக்கு அந்தப் பக்கம் மீனாச்சி ஊசிப் பதக்கங்களைத் தேடும் சத்தம் கேட்டது. அன்று மாலை டாக்டரும் சிஸ்டரும் நெடுநேரம் பேசினார்கள். முறை திரும்ப வந்தது, இன்னும் நிதானமாக. பாண்டேஜ் கீற்றுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது: கால் வற்றினால் மட்டுமல்ல, ஒரு கால் மட்டும் வீங்கினாலும் காட்டிக்கொடுக்கும், வீங்கியவர் நடக்கக்கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் மருதமுத்து வீட்டுக்குக் கிளம்பினார். முந்தின நாள் கடைசியாக அவர் காலைத் துடைக்கும்போது பூங்காவனம் கேட்டுவிட்டாள்.

"சயாம்ல நடராஜன்னு ஒருத்தர்... அலோர் காஜா பக்கத்துத் தோட்டம். ஒசரமா இருப்பாரு. இடது புருவத்துல வெட்டு."

அவர் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தார். கண்ணை மூடி ரொம்ப யோசித்தார்.

"இல்லம்மா. ஆயிரக்கணக்குல இருந்தோம். பாத்தேன்னு சொன்னா ஒனக்கு நல்லாயிருக்கும். பாக்கல." கொஞ்சம் கழித்து, "ஒன்னு மட்டும் சொல்றேன். எந்திரிக்க முடியாதவன் பக்கத்துல யாராச்சும் ஒருத்தன் ஒக்காந்திருப்பான். தண்ணி குடுக்க. அவருக்கும் ஒருத்தன் இருந்திருப்பான்" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஈரத்துணியைப் பிழிந்து அடுத்த காலைத் துடைத்தாள்.

மறுநாள் தங்கச்சி மகன் பெச்சா என்ற மூன்று சக்கர சைக்கிள் வண்டியோடு வந்தான். மருதமுத்து தடியை ஊன்றி, வார்டு முழுவதும் நடந்து, வாசற்படி மூன்றையும் இறங்கினார். வண்டியைப் பார்த்துவிட்டு, ரோட்டுமுனை வரைக்கும் நடப்பேன் என்றார். பாதி வழியில் நின்று கை காட்டினார். வண்டி வந்து ஏற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். பாசார் சந்தையில் எப்போதாவது பார்த்தால் தடியை உயர்த்திக் காட்டுவார்.

சுதந்திரத்துக்கு முன்பே அந்த வார்டை மூடிவிட்டார்கள். பூங்காவனம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். சிஸ்டர் ருக்மணி தன் வார்டுக்கு அவளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். கீற்று கட்டும் வழக்கமும் கூடவே போயிற்று. அதற்காக அவளுக்குப் பட்டமோ பதவியோ வரவில்லை; வர வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெறும்வரை ஆயாவாகவே இருந்தாள்.

ஆனால் அந்த செப்டம்பரில் அவள் செய்த ஒரு காரியம் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கிளேபாங்குக்குப் போய், விசாரித்து, சந்திரமதியின் மகள் கோகிலா வீட்டுக் கதவைத் தட்டினாள். முப்பது வயதுப் பெண் வந்து திறந்தாள். உள்ளே தையல் இயந்திரத்தில் பாதி தைத்த பள்ளிக்கூட உடுப்பு கிடந்தது.

"நான் ஆஸ்பத்திரி ஆயா. அம்மா போன அன்னிக்குக் காலையில அவங்கள நடக்க வச்சது நான்தான். அதாலதான் போனாங்களான்னு தெரியல. டாக்டருக்கும் தெரியல. மத்தவங்க சொல்லி நீங்க கேக்கக்கூடாதுன்னு வந்தேன்."

கோகிலா கதவைப் பிடித்தபடியே நின்றாள். முகம் இறுகியது. திட்டுவாள் என்று பூங்காவனம் எதிர்பார்த்தாள். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

"நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள் கோகிலா கடைசியில். "வெயில்ல வந்திருக்கீங்க. பசியாறிட்டீங்களா?"

நாற்காலியில் உட்கார வைத்துக் கோப்பி கலக்கிக் கொண்டுவந்தாள். எதிரில் உட்கார்ந்து, சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நடக்கிறப்ப அம்மா ஏதாச்சும் பேசினாங்களா?"

"பேசினாங்க. கஞ்சியில உப்பே இல்லன்னு சொன்னாங்க. அப்புறம், சாரோங் கட்டுன அந்தச் செட்டி அம்மாவோட சட்டை தையல் சரியில்ல, கையில பிடிப்பு சாஸ்தி, வீட்டுக்குப் போனதும் நானே பிரிச்சுத் தச்சுக் குடுக்கறேன்னாங்க. அந்தம்மாகிட்ட மலாயில சொல்லச் சொல்லி என்னைத் தொந்தரவு பண்ணினாங்க."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். அந்தம்மாவுக்குக் கோவம் வந்திருச்சு."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பூங்காவனம் கோப்பியை ஆற்றி மெதுவாகக் குடித்தாள். கடைசி பஸ் ஐந்து மணிக்குத்தான், அவசரம் ஒன்றும் இல்லை.